பாறு கழுகைப் பற்றி மாடு வளர்ப்பவரிடம் எப்படிப் பேசுவது?

மலையடிவார ஆசிரியை | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஓர் ஊரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். செப்டம்பர் முதல் சனிக்கிழமை, இறந்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகுகளுக்கான உலக விழிப்புணர்வு நாள். நேற்று எங்கள் பிள்ளைகளுடன் ஊர்வலம் போனோம். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நான்கையும் அட்டைகளில் வரைந்திருந்தார்கள். கழுத்தின் நிறமும் அலகின் வளைவும்கூடத் தப்பாமல் இருந்தன. எனக்கு அவ்வளவு பெருமை.

முடிந்ததும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வீட்டில் விடப் போனேன். மாட்டுக் கொட்டகையில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். சினைப்பசு ஒன்றுக்கு முன்னங்கால் மூட்டு வீங்கியிருந்தது. அவர் எரவாணத்தில் செருகியிருந்த பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஊசிக்குழலும் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளும் இருந்தன. ஒவ்வொரு குப்பியாகக் கழுத்தை உடைத்து, ஐந்தையும் ஒரே ஊசியில் இழுத்தார். மேலே டைக்ளோஃபெனாக் என்று அச்சிட்டிருந்தது. மனிதருக்கான வலி மருந்து. இந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்றால் பாறு செத்துவிடும். மகள் கையில் "டைக்ளோஃபெனாக் வேண்டாம்" என்று எழுதிய அட்டை. அவள் அதை எழுத்து தெரியாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள்.

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "டீச்சர், சினை மாடு படுத்துவிட்டால் தூக்கி நிறுத்துவது எவ்வளவு பாடு தெரியுமா? இது வேண்டாம் என்றால் வேறு எதைப் போடட்டும், சொல்லுங்கள், அதையே போடுகிறேன்" என்றார்.

எனக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பறவையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த நான், அந்த மனிதர் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பி வந்தேன். நேற்று இரவு தூக்கமே வரவில்லை.

இங்கே மருத்துவர்களும் மாடு வளர்ப்பவர்களும் இருக்கிறீர்கள். பெரியவர்களிடம் எங்கே, எப்படி, எதிலிருந்து தொடங்கிப் பேசுவது?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஞாயிறு, இரவு 10.55

அம்மா, அவர் கேட்டதற்குப் பதில் ஒரு சொல்தான்: மெலாக்சிகாம். வலிக்கும் வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் மாட்டுக்குப் போடலாம், பாறுகளுக்குத் தீங்கில்லை என்று சோதித்து உறுதிசெய்யப்பட்ட மருந்து. டோல்ஃபெனமிக் அமிலம் என்று இன்னொன்றும் உண்டு. ஆனால் சினைப்பசு என்பதால் எதை, எவ்வளவு போடுவது என்பதை மாட்டைப் பார்த்த மருத்துவர் முடிவு செய்யட்டும். மூட்டு வீக்கத்துக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

அந்த மனிதர் ஏன் நம்புவதில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக் மாட்டைக் கொல்வதில்லை. ஊசி போட்டால் மாடு விரைவில் எழுந்து நிற்கிறது. சில நாள்களில் மருந்து உடலிலிருந்து கழிந்தும் விடுகிறது. அந்தச் சில நாள்களுக்குள் மாடு இறந்து, அதன் இறைச்சியைப் பாறுகள் தின்றால்தான் கேடு. அவற்றின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளுறுப்புகளின் மேல் படிந்துவிடும். இறந்த பறவையை அறுத்துப் பார்த்தால் கல்லீரலும் இதயமும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கும். ஊசி போட்டவர் இதில் எதையும் பார்ப்பதில்லை. பறவை எங்கேயோ ஒரு மரத்தில் கழுத்தைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்து, எங்கேயோ விழுகிறது.

பாறுகள் கூட்டமாக அழிந்ததற்குக் காரணம் இதுதான் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை இந்திய அரசு நிறுத்தியது. அதன்பின் மனிதருக்கான 30 மி.லி. பெரிய குப்பிகள் கொட்டகைக்குள் வந்தன. அதையும் தடுக்க 2015இல் 3 மி.லி. ஒற்றை வேளைக் குப்பிக்கு மேல் கூடாது என்றார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. நீங்கள் பார்த்த ஐந்து குப்பிகளின் கதை இது. பெரிய குப்பி கிடைக்காததால் சிறியதை ஐந்தாக உடைக்கிறார்.

பாறுகளுக்குக் கேடான வேறு வலி மருந்துகளும் உண்டு. கால்நடைகளுக்கான அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டையும் 2023இல் தடை செய்தார்கள். 2024 இறுதியில் நிமிசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஃப்ளுனிக்சினும் பாறுகளுக்கு ஆகாது. பெயர்கள் வாயில் நுழையாது, ஆகவே கூடாதவற்றை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கேட்டு வாங்க வேண்டிய ஒரு பெயரை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

1990களில் நானே எத்தனையோ மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் போட்டிருக்கிறேன். அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகும் பழைய பழக்கத்தில் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். விழிப்புணர்வு முதலில் எங்கள் துறையிலேயே தேவைப்பட்டது.

பட்டிக்காரர் | திங்கள், காலை 5.50

டாக்டர் ஐயா சொல்வது சரியாகவே இருக்கட்டும். எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காட்டோரம் பட்டி போட்டு மாடு வளர்க்கிறோம். இரவில் மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் வர மறுநாள் ஆகும். கையில் என்ன இருக்கிறதோ அதைப் போடுவோம். யாரும் பறவையைக் கொல்ல நினைத்து ஊசி போடுவதில்லை.

இன்னொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கறவை மாட்டைப் புலி அடித்தது. மனு எழுதி, படம் எடுத்து, சான்றிதழ் வாங்கி எத்தனை முறை அலைந்தேன் என்று கணக்கே இல்லை. பணம் வந்தபோது அந்த மாட்டின் கன்றும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த நாள்களில் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, மிச்சமிருக்கும் உடலில், பயிரில் பூச்சிக்குப் போடும் குருணை மருந்தைத் தூவிவிடு, புலி திரும்ப வரும், கணக்கு முடிந்துவிடும் என்றார். நான் செய்யவில்லை. ஆனால் அன்று இரவு அதை நினைக்காமல் இருந்தேன் என்று சொன்னால் பொய்.

டீச்சர், உங்கள் ஊர்வலம் எங்கள் தெரு வழியாகவும் வந்திருக்கிறது. பிள்ளைகள் கழுகைக் காப்போம் என்று கத்திக்கொண்டு போனார்கள். செத்துப்போன என் மாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலையடிவார ஆசிரியை | திங்கள், காலை 6.30

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். பள்ளிக்குக் கிளம்ப வேண்டும், மாலையில் எழுதுகிறேன். உங்கள் மாட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது தவறு.

மாயாற்று மாணவன் | திங்கள், பிற்பகல் 1.15

பட்டிக்காரர் அண்ணன் அந்தக் குருணை மருந்தைத் தூவாதது எவ்வளவு பெரிய செயல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் முதுகலையில் காட்டுயிரியல் படிக்கிறேன். இரண்டு பருவங்களாக மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடுகளைக் கவனிக்கும் குழுவுடன் போகிறேன்.

வெண்முதுகுப் பாறு ஆற்றங்கரை நீர்மத்தி மரங்களின் உச்சியில் கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பறக்கும்வரை மாதக்கணக்கில் இரண்டும் இரை கொண்டுவந்து ஊட்டும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். அதாவது ஒரு பெரிய பறவை செத்தால் அந்த இடம் நிரம்ப வெகுகாலம் பிடிக்கும்.

விஷம் வைத்த உடலில் ஒரு பாறு இறங்காது, கூட்டமாக இறங்கும். வானத்தில் ஒன்று கீழே சாய்வதைப் பார்த்து அடுத்தது வரும், அதைப் பார்த்து அதற்கடுத்தது. ஒரே உடலில் ஒரு பள்ளத்தாக்கின் பல ஆண்டு வளர்ச்சி போய்விடும்.

போன ஆண்டு நான் கவனித்த ஒரு கூட்டைப் பற்றிச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குத் தொலைநோக்கியில் பார்த்தால் குஞ்சின் சாம்பல் நிறத் தலை மட்டும் கூட்டின் விளிம்பில் தெரியும். வெயில் ஏறி, பாறைகள் சூடாகி, காற்று மேலெழும்பத் தொடங்கிய பிறகுதான் பெரிய பறவை கிளம்பும். காற்றில் ஏறியபின் இறக்கையை அடிப்பதே அரிது. வட்டமிட்டு வட்டமிட்டு உயர்ந்து ஒரு புள்ளியாகி மறைந்துவிடும். எங்கே போனது என்று நமக்குத் தெரியாது. பந்திப்பூராக இருக்கலாம், வயநாடாக இருக்கலாம், டீச்சர் ஊர்ப் பக்கமாகவும் இருக்கலாம். ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய பறவை. மாலை நான்கு மணிவரை அந்தச் சாம்பல் தலை ஆற்றின் திசையைப் பார்த்தபடி இருக்கும். ஒவ்வொரு நாளும், வரும்வரை எனக்கு மூச்சு நின்றுவிடும்.

ஒரு கணக்கையும் எழுதிவிடுகிறேன். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் குறைந்தன. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது. இந்த அழிவு நடக்க எல்லா மாட்டுக்கும் ஊசி போட வேண்டியதில்லை. பாறுகள் தின்னக் கிடைக்கும் உடல்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் டைக்ளோஃபெனாக் இருந்தாலே போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஊரில் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்று நாம் திருப்திப்பட முடியாததற்குக் காரணம் இதுதான். கடைசி ஒரு கொட்டகை வரைக்கும் செய்தி போக வேண்டும்.

சொல்தேடி | திங்கள், மாலை 4.20

"பிணந்தின்னிக் கழுகு" என்று சொல்லிக்கொண்டு போய் யாரிடம் இரக்கம் கேட்பது என்பது எனக்கு நெடுநாளாக உள்ள கவலை. பாறு, எருவை என்று சங்கப் பாடல்களிலேயே இந்தப் பறவைகளுக்குப் பெயர்கள் இருக்கின்றன. இடையில் வந்து ஒட்டிக்கொண்ட இந்தப் பெயர் கேட்டவுடனே முகம் சுளிக்க வைக்கிறது. ஆசிரியை தன் பிள்ளைகளைப் பாறு என்று எழுத வைத்திருப்பது மகிழ்ச்சி.

திருக்கழுக்குன்றம் என்ற ஊர்ப்பெயரில் இருப்பதும் இந்தக் குடும்பத்துப் பறவைதான். மலைக் கோயிலில் நண்பகல் வேளையில் குருக்கள் உணவு வைக்க, இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து உண்டுவிட்டுப் போகும். சிறுவயதில் என் பாட்டனார் தோளில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். கூட்டம் முழுக்க அண்ணாந்து நிற்கும். கோயில் இருக்கிறது, மலை இருக்கிறது, போன நூற்றாண்டின் கடைசியில் பறவை வருவது நின்றுபோய்விட்டது. கலிகாலம் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். பெரியவர்களிடம் பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பறவையைப் பார்த்த நினைவு இருக்கும்.

மருந்துக்கடை | திங்கள், மாலை 7.05

பெயர் வேண்டாம், ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து டைக்ளோஃபெனாக். ஆனாலும் பத்துக் குப்பி வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்பார். மனிதருக்கு யாரும் ஒரே நேரத்தில் பத்துக் குப்பி போட்டுக்கொள்வதில்லை. மாட்டுக்குத்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நானும் கொடுத்திருக்கிறேன். தெரிந்தவர், அவசரம், மாடு துடிக்கிறது என்பார்.

இந்த இழையைப் படித்த பிறகு ஒன்று முடிவு செய்திருக்கிறேன். கேட்கிறவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அடுத்த கடையில் வாங்கிவிடுவார். அதனால் மெலாக்சிகாம் எங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்பப் போகிறேன். எங்கள் ஊர்க் கால்நடை மருந்துக் கடையில் இருப்பு இருக்கிறதா என்று நாளைக் காலை முதல் வேலையாகப் போய்க் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | திங்கள், இரவு 8.10

மருந்துக்கடை நண்பரே, நன்றி. நீங்கள் ஒருவர் செய்வது பத்து ஊர்வலத்துக்குச் சமம்.

பட்டிக்காரர் ஐயாவுக்கு ஒரு செய்தி. மாட்டுக்காரரின் நலனும் இந்தப் பறவையின் நலனும் வேறு வேறு அல்ல. பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது, அழுகிய இறைச்சியின் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவற்றை அது அழித்துவிடும். ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அவை இல்லாத இடத்தில் உடல் நாள்கணக்கில் கிடக்கும், தெருநாய்கள் பெருகும், வெறிநோய் வரும், தண்ணீர் கெடும். பாறுகள் அழிந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்று இரண்டு பொருளியலாளர்கள் 2024இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். நாய் கடித்த கன்றுகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. பாறுகளுக்கு உணவு வேண்டும் என்பதற்காக இறந்த மாடுகளையெல்லாம் கொண்டுபோய்த் திறந்தவெளியில் போடச் சொல்லாதீர்கள். திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த இரத்தம் வந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலைக் கீறவே கூடாது. மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் முறையில் ஆழமாகப் புதைக்க வேண்டும். வலி ஊசி போட்டுச் சில நாள்களில் இறந்த மாட்டையும் புதைத்துவிடுங்கள்.

பால் சங்கச் செயலாளர் | திங்கள், இரவு 9.25

ஆசிரியை "எங்கே பேசுவது" என்று கேட்டிருந்தார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு வாருங்கள்.

மண்டபத்தில் கூட்டம் போட்டால் மாடு வளர்ப்பவர் வரமாட்டார். மைக் வைத்தால் ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்வார்கள், ஊசி போடுகிற ஆள் வயலில் இருப்பார். சங்கத்தில் காலையும் மாலையும் பால் ஊற்ற வரிசையில் நிற்கிறார்கள். அளந்து, கொழுப்புப் பார்த்து, அட்டையில் எழுதி வாங்கும்வரை வேறு வேலை கிடையாது. பெண்கள்தான் அதிகம் வருவார்கள். கொட்டகையில் நாள் முழுவதும் மாட்டோடு இருப்பவர்கள் அவர்கள்தான், எந்த மாடு நேற்று இரை எடுக்கவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இதுவரை எந்த விழிப்புணர்வுக் குழுவும் அவர்களிடம் பேசி நான் பார்த்ததில்லை.

முதலில் மாட்டைப் பற்றிக் கேளுங்கள். மடிநோய், காணை, கால் வீக்கம் என்று அவர்களே தொடங்குவார்கள். மருந்தின் பெயர் அங்கேதான் வர வேண்டும். பறவை அதற்குப் பிறகு வரட்டும். புஞ்சை புளியம்பட்டி மாட்டுச் சந்தையிலும் இப்படியே செய்யலாம், ஆனால் அங்கே இரைச்சல் அதிகம், நின்று கேட்க மாட்டார்கள்.

மாயாற்று மாணவன் | திங்கள், இரவு 9.50

இதை ஏன் எங்கள் குழுவில் யாரும் யோசிக்கவில்லை என்று வருத்தமாக இருக்கிறது. நாங்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மட்டுமே போனோம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட வேண்டாம் டீச்சர். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே எட்டாம் வகுப்பில் பார்த்த ஒரு படத்தால்தான்.

பட்டிக்காரர் | செவ்வாய், காலை 5.35

செயலாளர் சொல்வது சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். புலி அடித்த மாட்டுக்கு மனு எழுத ஆள் வேண்டும். எங்களில் பலருக்கு எழுத வராது. டீச்சரின் பள்ளிப் பிள்ளைகள் அந்த மனுவை எழுதிக் கொடுத்தால், மாடு அடிபட்ட அன்றே யாருக்குச் சொல்ல வேண்டும், என்னென்ன தாள் வேண்டும் என்று கூட இருந்து செய்தால், குருணை மருந்தைத் தேடுகிற கை பாதி நின்றுவிடும். அன்று இரவு எனக்குத் தேவைப்பட்டது அதுதான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நாளைக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தால் போதும்.

மலையடிவார ஆசிரியை | வெள்ளி, இரவு 8.45

மூன்று நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்கு மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். அவள் அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு எரவாணத்துப் பைக்குள் மடித்து வைத்தார். பசுவை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார், குளம்பில் புண்ணாம், மருந்து கட்டியிருக்கிறது. மிச்சமிருந்த குப்பிகளைத் தருவாரா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கவில்லை.

இன்று காலை எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்குப் போனேன். ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தார்கள். செயலாளர் ஐயா சொன்னபடி பறவையின் பெயரையே எடுக்காமல் மாட்டைப் பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் அவர்களேதான் பேசினார்கள். கன்று ஈன்ற பின் எழாத மாடு, ஊசி போட்டும் இறங்காத காய்ச்சல் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. பிறகு மெலாக்சிகாம் என்று சொன்னேன். பதினொரு பெண்கள் அதை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் கேனைத் தூக்கிக்கொண்டு, கழுகுக்காக மாட்டை வைத்துப் பரிசோதனை செய்யச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, அவரிடம் தனியாகப் போக வேண்டும்.

வரிசையின் கடைசியில் ஒரு பாட்டி. தன் கல்யாணத்துக்கு முன்பு ஆற்றங்கரையில் மாடு செத்துக் கிடந்தால் வானமே கருத்துவிடும் என்று சொன்னார். "இறக்கைச் சத்தம் முறத்தில் புடைக்கிற மாதிரி கேட்கும். எல்லாம் எங்கே போச்சு என்று நான் யாரையும் கேட்டதில்லை, நீதான் வந்து சொல்கிறாய்" என்றார். கையில் இருந்த பால் அட்டையைத் திருப்பி, அதன் பின்புறத்தில் மருந்தின் பெயரை எழுதச் சொன்னார்.

மனு எழுதும் வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டிக்காரர் ஐயா, என்னென்ன தாள் வேண்டும் என்று நீங்கள் ஒரு நாள் பள்ளிக்கு வந்து அவர்களுக்குச் சொல்ல முடியுமா?

அடுத்த செவ்வாய் மேல்ஊர்ச் சங்கம். அங்கே மருந்தைப் பற்றி நிறையக் கேட்பார்கள், எனக்குப் பாதிதான் தெரியும். டாக்டர் ஐயா, நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்.

பட்டிக்காரர் | வெள்ளி, இரவு 9.20

வருகிறேன் டீச்சர். என் பழைய மனுவின் நகல் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | வெள்ளி, இரவு 9.30

காலை ஐந்தரைக்குப் பால் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள், பஸ்ஸில் வந்தால் நேரத்துக்குச் சேர முடியாது. திங்கள் இரவே வந்து தங்கிவிடுகிறேன். கேனோடு எழுந்து போனவர் வீடு எது என்று மட்டும் கேட்டு வையுங்கள், முதலில் அவர் மாட்டைப் பார்த்துவிடலாம்.